பேரரசுகளுக்கு 250 வருடம்தான் ஆயுள் என்பது உண்மையா?

கரும்பலகை கேட்டது:

மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். மாணவர்கள் எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். எந்தப் பேரரசும் 250 வருடத்துக்கு மேல் தாங்காதாம். 1776ல் பிறந்த அமெரிக்காவுக்கு 2026ல் 250 நிறைகிறது, ஆகவே அதன் கதை முடிந்தது என்கிறார்களாம். ஒரு பையன் அந்தப் பட்டியலை நோட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அசீரியா 247 வருடம், பாரசீகம் 208, எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் 267, உதுமானியர் 250, ஸ்பெயின் 250, பிரிட்டன் 250. அடுக்கி வைத்துப் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும்.

"மிஸ், மனுஷனுக்கு ஆயுள் இருக்கிற மாதிரி நாகரிகத்துக்கும் இருக்கா?" என்று கேட்டான். செடி முளைத்து, பூத்து, பட்டுப்போவதைப் போல நாகரிகங்களும் என்று 1918ல் ஜெர்மானியச் சிந்தனையாளர் ஸ்பெங்லர் எழுதியதைச் சொன்னேன். வருகிற சவாலுக்கு ஒரு சமூகம் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதுதான் முக்கியம், முன்கூட்டியே எழுதிவைத்த ஆயுள் எதுவும் கிடையாது என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் டாயின்பீ வாதிட்டதையும் சொன்னேன். அவன் சமாதானமாகவில்லை. "அப்ப இந்த நம்பர் எல்லாம் எப்படி மிஸ் ஒண்ணா வருது?" என்றான். நியாயமான கேள்வி. அடுத்த வாரம் ஒரு முழு வகுப்பை இதற்கே ஒதுக்கப்போகிறேன். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

மாலைநடை எழுதியது:

250 ஆனால் என்ன, 400 ஆனால் என்ன மேடம், ஏறினது இறங்கும். நினிவேயும் போச்சு, ரோமும் போச்சு, விஜயநகரமும் போச்சு. எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம், விதி விதிதான். மாணவர்களிடம் அதை அப்படியே சொல்லலாம் என்பது என் கருத்து.

---

பழைய பேரேடு எழுதியது:

டீச்சர், அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் போட்டவர் ஜான் கிளப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1939 முதல் 1956 வரை ஜோர்டானின் அரபுப் படைக்குத் தளபதியாக இருந்தார். 1956ல் அரசர் உசேன் அவரைப் பதவியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார். ஓய்வுக் காலத்தில், 1970களில், பேரரசுகளின் கதியைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் உள்ள அட்டவணைதான் சுற்றிச் சுற்றி உங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. தன் நாடு கண்ணெதிரே பேரரசை இழந்ததைப் பார்த்தவரின் வேதனை அந்தக் கட்டுரை முழுக்க இருக்கிறது, அது நிஜமானது. கணக்குதான் உதைக்கிறது.

நான் பணிக்காலம் முழுவதும் வரி அலுவலகத்தில் கழித்தவன். கணக்குப் புத்தகம் கைக்கு வந்தால் மொத்தத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு இரண்டையும் பார்ப்பேன். அந்த இரண்டையும் நம் இஷ்டத்துக்கு எழுத முடியுமானால் நடுவில் என்ன மொத்தம் வேண்டுமானாலும் வரவழைக்கலாம். கிளப் அட்டவணையிலும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் அட்டவணையில் ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசு கி.மு. 260ல் தொடங்கி 27ல் முடிகிறது, 233 வருடம். பேரரசு கி.மு. 27ல் தொடங்கி கி.பி. 180ல் முடிகிறது, 207 வருடம். ஆனால் மன்னரை விரட்டிக் குடியரசு அமைத்ததாக ரோமர்களே சொன்ன வருடம் கி.மு. 509. அங்கேயே 249 வருடம் கணக்கில் வரவில்லை. கி.பி. 180ல் மார்க்கஸ் அரேலியஸ் இறந்தார், ரோம் இறக்கவில்லை. மேற்கில் கடைசிப் பேரரசர் பதவி இழந்தது 476ல். கிழக்கில் கான்ஸ்டான்டினோப்பிள் விழுந்தது 1453ல். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் தங்களை ரோமர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஒரே அரசை நடுவில் வெட்டி, தலையையும் வாலையும் நறுக்கிவிட்டால் 250க்குப் பக்கத்தில் வரத்தான் செய்யும்.

உதுமானியர்களுக்கு 1320 முதல் 1570 வரை என்று போட்டிருக்கிறார். அப்படியானால் 1683ல் வியன்னாவை முற்றுகையிட்ட படை யாருடையது? சுல்தான் பதவி ஒழிந்ததே 1922ல்தான். பாரசீகம் என்று 208 வருடத்தைக் காட்டுகிறவர், அதே மண்ணை கி.பி. 224 முதல் 651 வரை 427 வருடம் ஆண்ட சாசானியர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு முன் நானூறு வருடத்துக்கு மேல் இருந்த பார்த்தியர்களும் இல்லை. சீனா இல்லை, இந்தியா இல்லை.

இன்னொன்று. மாலைநடை நினிவே போச்சு என்கிறார். கி.மு. 612ல் நினிவே எரிந்தது, அசீரிய அரசு போயிற்று, உண்மை. ஆனால் களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதும் வழக்கம் அதற்குப் பிறகும் அறுநூறு வருடத்துக்கு மேல் இருந்தது. பாபிலோனில் கோள்களின் நிலையைக் குறித்துவைத்த பலகைகள் கி.பி. முதல் நூற்றாண்டு வரை கிடைத்திருக்கின்றன. ஆட்சி போவது வேறு, நாகரிகம் போவது வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பட்டியல்கள் ஓடுகின்றன.

சரி, அதனால் உங்கள் பையனின் கேள்வி தீர்ந்துவிடாது. அரசுகள் தளர்வதை நாம் பார்க்கிறோம், அது எதனால் என்று கேட்கத்தான் வேண்டும். அதை எனக்குத் தெரிந்து மிக நேர்மையாகக் கேட்டவர் இப்னு கல்தூன். அவர் பெயரை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

1332ல் துனிஸில் பிறந்தார். பதினாறு, பதினேழு வயதில் கொள்ளைநோய் அவருடைய அப்பா, அம்மா, ஆசிரியர்கள் பலர் என்று எல்லோரையும் கொண்டுபோனது. பிறகு ஃபெஸ், கிரனாடா, துனிஸ் என்று ஒரு அரசவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார், சிறையிலும் இருந்தார். வட ஆப்பிரிக்காவில் ஒரு வம்சம் எழுவதையும் இன்னொன்று சரிவதையும் உள்ளே இருந்து பார்த்தார். 1377ல், இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்தபோது, தன் வரலாற்று நூலுக்கு முன்னுரை எழுத உட்கார்ந்து ஐந்து மாதத்தில் முதல் வரைவை முடித்தார். அந்த முன்னுரைதான் இன்றைக்கும் படிக்கப்படுகிறது.

அவரும் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒரு வம்சத்தின் ஆயுள் பொதுவாக மூன்று தலைமுறை, தலைமுறைக்கு நாற்பது வருடம், ஆக 120. வீடியோக்காரர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அவர் நூலின் உயிர் இந்த எண்ணில் இல்லை, அதற்கு அவர் காட்டும் காரணத்தில் இருக்கிறது. பாலைவனத்திலும் மலையிலும் கஷ்டப்பட்ட கூட்டத்துக்குள் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் பிணைப்பு இருக்கிறது. அதை அஸபிய்யா என்கிறார். அந்தப் பிணைப்பால் அவர்கள் நகரத்தைப் பிடிக்கிறார்கள். முதல் தலைமுறைக்குக் கஷ்டம் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது தலைமுறையில் அதிகாரம் ஒரே ஆளின் கைக்குப் போகிறது, கூட வந்தவர்கள் பங்காளி என்ற நிலையிலிருந்து வேலைக்காரன் என்ற நிலைக்கு இறங்குகிறார்கள். மூன்றாவது தலைமுறைக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. சொந்தக்காரன் சண்டைக்கு வராததால் கூலிப்படை வைக்க வேண்டியிருக்கிறது. கூலிக்குப் பணம் வேண்டும்.

இங்கேதான் அவர் வரிக்கு வருகிறார், எனக்கு அந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. ஆட்சியின் தொடக்கத்தில் வரி விகிதம் குறைவு, வருவாய் அதிகம். ஆட்சியின் முடிவில் விகிதம் அதிகம், வருவாய் குறைவு. உழைத்தால் மிஞ்சும் என்ற நம்பிக்கை போனால் மக்கள் உழுவதையே குறைத்துக்கொள்வார்கள் என்கிறார். வருவாய் குறைந்ததும் அரசு என்ன செய்யும்? சந்தை வாசலில் புதுச் சுங்கம் போடும். அதுவும் போதாதபோது சுல்தானே வியாபாரத்தில் இறங்குவார், குறைந்த விலைக்குக் கட்டாயமாக வாங்கி, கூடுதல் விலைக்குக் கட்டாயமாக விற்பார். வியாபாரி ஊரை விட்டுப் போவான். எங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவை என்று மூன்று பத்தி போட்டு அறிக்கை அனுப்புவோம். கேட்புப் பத்தி மட்டும் வளர்ந்து, வசூல் நின்ற இடத்திலேயே நின்று, நிலுவை வீங்கும்போது ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது என்று எந்த குமாஸ்தாவுக்கும் தெரியும். அதை 1377ல் ஒரு மனிதர் அரசுகளின் வரலாறு முழுவதற்கும் பொருத்திப் பார்த்திருக்கிறார்.

அவர் இறந்தது 1406ல். அதன் பின் 1422 முதல் 1438 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பார்ஸ்பாய் மலபாரிலிருந்து செங்கடல் வழியாக வரும் மிளகு வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கினார், சர்க்கரையையும் விடவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்தது அப்படியே நடந்தது.

ஆனால் இது தப்பவே முடியாத விதியா? மாலைநடைக்கு என் பதில் இதுதான். இப்னு கல்தூன் கெய்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மம்லூக் ஆட்சிக்கு 130 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சொன்ன 120 தாண்டிவிட்டது, கெய்ரோ செழிப்பாக இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஏன் என்று பார்த்து எழுதினார். மம்லூக் வீரர்கள் புல்வெளி நாடுகளிலும் காக்கேசியாவிலும் சிறுவர்களாக விலைக்கு வாங்கப்பட்டவர்கள். பாசறையில் ஒன்றாக வளர்ந்து, பயிற்சி முடிந்து விடுதலை பெற்று, அமீர் எனும் படைத்தலைவர்களாகி, சிலர் சுல்தானாகவும் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் படையில் பொதுவாக இடமில்லை. அடுத்த தலைமுறை மறுபடியும் வெளியிலிருந்து வரும். சொகுசில் பிறந்த மூன்றாம் தலைமுறை என்ற சிக்கலே எழாதபடி ஓர் ஏற்பாடு. சிறுவர்களை விலைக்கு வாங்கும் கொடுமையின் மேல் நின்ற ஏற்பாடு என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். இருந்தாலும் நமக்கு அது ஒன்றைக் காட்டுகிறது. தளர்ச்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது, காரணத்தில் கை வைத்தால் காலம் மாறுகிறது. முதுமை அப்படியில்லை, யாரும் அதில் கை வைக்க முடியாது.

வகுப்புக்கு ஒரு கதை வேண்டுமென்றால் டமாஸ்கஸ் கதையைச் சொல்லுங்கள். 1401 ஜனவரி. மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர் ஊரைச் சூழ்ந்து நிற்கிறார். எகிப்திலிருந்து படையோடு வந்த இளவயது சுல்தான், கெய்ரோவில் தன்னைக் கவிழ்க்கச் சதி நடக்கிறது என்ற செய்தி கேட்டுத் திரும்பிப் போய்விட்டார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் 68 வயது இப்னு கல்தூனும் ஒருவர். வாசலைத் திறக்க உள்ளே இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளாததால் மதில் மேலிருந்து கயிறு கட்டி இறக்கச் சொல்லி, தைமூரின் கூடாரத்துக்குப் போனார். பின்னொரு நாள் ஒரு குர்ஆன், ஒரு தொழுகை விரிப்பு, நபியைப் புகழும் புர்தா கவிதையின் பிரதி, நான்கு பெட்டி எகிப்து இனிப்பு என்று காணிக்கை வைத்தார். தைமூர் அவரிடம் கேட்டது வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி நாடுகளின் நில விவரம். பிணைப்புள்ள கூட்டம் எழுந்து நகரங்களை விழுங்கும் என்று எழுதியவர், அப்படி எழுந்த கூட்டத்தின் தலைவனுக்கு எதிரில் உட்கார்ந்து அதை அவனுக்கே விளக்கினார். சில வாரங்களில் டமாஸ்கஸ் சூறையாடப்பட்டது, உமையா பெரிய பள்ளிவாசல் தீயில் எரிந்தது.

---

நீர்வழி எழுதியது:

சார், படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மனமில்லை. ஆனால் பாசனப் பொறியாளராக ஒன்றைச் சேர்க்காமல் விட முடியாது. மம்லூக்குகள் பற்றி நீங்கள் புகழ்ந்த அதே ஏற்பாட்டுக்கு எகிப்தின் வயல்கள் விலை கொடுத்தன.

எகிப்தில் அப்போது ஆற்றிலிருந்து தினமும் திறந்துவிடும் பாசனம் கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் நைல் வெள்ளம் வரும். கரை போட்டுப் பிரித்த பெரிய பெரிய வயல் தொகுதிகளில் அந்த நீரை ஒன்றரை மாதம்போல நிறுத்திவைப்பார்கள். வண்டல் படிந்து, மண் நன்றாக ஊறியதும் வடித்துவிட்டு விதைப்பார்கள். ஆகவே எல்லாம் கரையில் இருக்கிறது. வெள்ளம் வருவதற்குள் கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலைத் தூர் வாரிவிட வேண்டும். ஒரு ஊர்க் கரை உடைந்தால் அந்த ஊரோடு போகாது, நீர் நிற்க வேண்டிய உயரம் நிற்காமல் அடுத்த தொகுதியும் காயும்.

பெரிய கரைகள் சுல்தானின் பொறுப்பு. சின்ன ஊர்க் கரைகள் அந்த ஊரின் வருவாய் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அந்த அமீரின் பொறுப்பு. அமீர் கெய்ரோவில் இருப்பார். யாரும் ஒரு பகுதியில் வேர்விட்டுவிடக் கூடாது என்பதற்காக அவருக்கு ஒதுக்கிய ஊர்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொடுத்திருப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், பிள்ளைக்குப் போகாது. பத்து வருடம் கழித்துப் பலன் தரும் கரைக்கு அவர் ஏன் செலவு செய்ய வேண்டும்? இந்த வருட வருவாயைக் கறப்பதுதான் அவருக்கு லாபம்.

ஆள் நிறைய இருந்தவரை இது ஓடிவிட்டது. 1347ல் கொள்ளைநோய் எகிப்துக்கு வந்தது. ஒரு தடவையோடு நிற்கவில்லை, மம்லூக் ஆட்சி முடியும்வரை திரும்பத் திரும்ப வந்தது. மண் வெட்ட ஆள் இல்லை. மிஞ்சிய விவசாயிகளிடமே பழைய தொகை முழுவதையும் வசூலிக்கப் பார்த்தார்கள், அவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், இன்னும் கொஞ்சம் கரை போயிற்று. இங்கிலாந்திலும் அதே நோயில் மக்கள் செத்தார்கள். அங்கே ஆள் குறைந்ததால் பிழைத்தவர்களின் கூலி ஏறியது. வானம் பார்த்த கோதுமை வயலை இரண்டு வருடம் போட்டுவைத்தால் புல் முளைக்கும், ஆடு மேயும். நைல் கரையை இரண்டு வருடம் கவனிக்காமல் போட்டால் வயலே இல்லை. நோய் ஒன்றுதான். பாசன அமைப்பும் நில உரிமையும் வேறாக இருந்ததால் விளைவு வேறாகிவிட்டது. மாணவர்களிடம் சரிவைப் பற்றிப் பேசும்போது மன்னர்களோடு நிறுத்தாமல் கரையையும் காட்டுங்கள் மேடம்.

---

கரும்பலகை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. எனக்கு ஒரு வகுப்பு போதாது போலிருக்கிறது. ஒரு சந்தேகம். கரை போவதும் வசூல் குறைவதும் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தால் ஏன் சரிசெய்யவில்லை? மாணவர்கள் நிச்சயம் இதைக் கேட்பார்கள்.

---

பழைய பேரேடு எழுதியது:

நீர்வழி அம்மா சொன்னது மிக முக்கியமான விஷயம். படையின் பிணைப்பைக் காப்பாற்ற வாரிசுரிமையை அடைத்தார்கள், அதே அடைப்பால் நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லாமல் போனான். ஆகவே சரிவை ஒரே காரணத்தில் கட்டிவைக்கவும் கூடாது, ஒரு காரணத்தைச் சரிசெய்யும்போது அது எங்கே இடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

தெரியாமல் இல்லை டீச்சர். நன்றாகவே தெரிந்திருந்தது. மக்ரீஸி என்று ஒரு வரலாற்றாசிரியர், இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர், கெய்ரோவில் சந்தைக் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். எடைக்கல்லையும் ரொட்டி விலையையும் நேரில் பார்த்த மனிதர். நைல் போதுமான அளவு பெருகாமல் பெரும் பஞ்சம் வந்தபோது, 1405ல், அதைப் பற்றியே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். நைல் முன்பும் பொய்த்திருக்கிறது, இந்தத் தடவை மட்டும் துயரம் ஏன் நீள்கிறது என்று கேட்டு மூன்று காரணங்களைச் சொல்கிறார்: லஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது, நிலக் குத்தகை ஏறியது, வெள்ளியும் தங்கமும் மறைந்து செப்புக் காசு பெருகியது. முதல் காரணத்தைக் கவனியுங்கள். கடன் வாங்கிப் பதவி வாங்கியவன் அந்தக் கடனை விவசாயியிடமிருந்துதான் எடுக்க வேண்டும். இதை எழுதியவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்களுக்கு அன்றைய ஏற்பாட்டில் லாபம் இருந்தது. பதவியை விற்று வரும் பணத்தை எந்தச் சுல்தான் வேண்டாம் என்பார்? தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் நிற்பது யாருடைய வருமானம் என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். எந்த அரசைப் படித்தாலும் அந்தத் தேடல் பயன்படும்.

செய்து பார்த்த இடமும் உண்டு. 1653ல் உதுமானியர்களின் தலைநகரான இஸ்தான்புல்லில், கஜானாவில் வரவைவிடச் செலவு அதிகமாகி அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியபோது, காதிப் செலெபி என்ற அறிஞர் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இப்னு கல்தூனைப் பின்பற்றி அரசுக்கும் மனித உடலைப் போல வளர்ச்சி, நிலை, தளர்ச்சி என்று பருவங்கள் உண்டு என்கிறார். உங்கள் பையன் கேட்டதேதான். ஆனால் அவர் அதோடு விடவில்லை. மருத்துவம் பார்த்தால் கெடுவைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லி, உழவர்கள் மேல் வரியைக் குறை, பதவி விற்பதை நிறுத்து, படையின் சம்பளப் பட்டியலைச் சுருக்கு என்கிற வழியில் போகிறார். அவர் சொன்னதை உடனே யாரும் செய்துவிடவில்லை. மூன்று வருடம் கழித்து, 1656ல், வெனிஸ் கப்பல்கள் தார்டனெல்ஸ் நீரிணையை மறித்து நின்றபோது, கோப்ருலு மெஹ்மத் பாஷா என்ற முதியவரைப் பிரதம வசீராக, அதாவது தலைமை அமைச்சராகக் கூப்பிட்டார்கள். என் முடிவுகளில் யாரும் தலையிடக் கூடாது என்று நிபந்தனை போட்டுப் பதவி ஏற்றார். நிறையப் பேரைக் கொன்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மறு வருடமே முற்றுகை உடைந்தது. அவருக்குப் பின் வசீரான அவர் மகன் காலத்தில், 1669ல், பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்த கிரீட் தீவுப் போரும் முடிந்தது. இதெல்லாம் கிளப் கணக்குப்படி அந்தப் பேரரசு முடிந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு நடந்தவை.

வகுப்பு எப்படிப் போனது என்று எழுதுங்கள். கோப்ருலு குடும்பத்தின் வரவு செலவு பற்றி இன்னும் கொஞ்சம் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு செய்து போடுகிறேன்.